நைட்லி வேகம் தரவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பான நைட்லியைச் சில ஆண்டுகளாக நண்பர்களின் கணினிகளில் நிறுவிக் கொடுத்துவருகிறேன். "புதியது வேகமாக இருக்கும் என்று சொன்னாய், இது பழையதைவிட மெதுவாக நகர்கிறதே" என்று யாராவது ஒருவர் மாதம் தவறாமல் அழைப்பார். போய்ப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் நைட்லிக்கு வெளியேதான் இருக்கும். எப்போதோ நகலெடுத்து ஒட்டிய அமைப்பு, நிறுவிவிட்டு மறந்துபோன நீட்சி (எக்ஸ்டென்ஷன்), சூடேறிய மடிக்கணினி என்று ஏதோ ஒன்று. திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். செலவில்லாத சோதனைகள் முதலில் வருகின்றன, பணம் கேட்பவை கடைசியில்.

'அபவுட்' என்று தொடங்கும் பெயர்களை முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்தில், முக்காற்புள்ளியோடு, இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தன் உள்விவரங்களைக் காட்டும் பக்கங்கள் அவை.

## எதையும் தொடுவதற்கு முன்

நிலையான பதிப்பை நீக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும், அவசர வேலைக்கும் அதுவே துணை. 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி புரொஃபைல் (உங்கள் அமைப்புகளும் நீட்சிகளும் கடவுச்சொற்களும் இருக்கும் கோப்புறை) உண்டு. எனவே இரண்டும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கும். புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

அடுத்து அபவுட்:சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, 'பில்ட் ஐடி' என்ற 14 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எட்டு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். நைட்லி நாளுக்கு இரண்டு முறை புதிதாக வருவதால் (அப்படி வரும் ஒவ்வொன்றும் ஒரு பில்ட்), "நேற்று நன்றாக இருந்தது" என்பதற்கு இந்த எண் இல்லாமல் பொருளே இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒரே மூச்சில் மாற்றி வேகம் வந்துவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. பிறகு கோளாறு திரும்பும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பிழைகளை முன்கூட்டியே பிடிப்பதற்காக, வெளியீட்டுப் பதிப்பில் இல்லாத கூடுதல் சரிபார்ப்புகள் நைட்லிக்குள் ஓடுகின்றன. அதனால் நூலளவு பின்தங்கினால் அது கோளாறு ஆகாது. கண்ணுக்குத் தெரிகிற, மறுபடி மறுபடி வருகிற தாமதத்தை மட்டும் துரத்துங்கள்.

## அறிகுறி: எல்லாப் பக்கங்களுமே மெதுவாகத் திறக்கின்றன

### மின்சாரமும் வெப்பமும்

மடிக்கணினி பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்சேமிப்பு நிலையில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பைக் கொடுத்து, மின்சேமிப்பை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்பவர்கள் மேசைக்கு மாறுங்கள். நிலையான பதிப்பும் அதே நேரத்தில் அதே அளவு மந்தமாக இருந்தால், நைட்லியை விட்டுவிட்டுக் கணினியைக் கவனிக்க வேண்டும்.

### புதிய புரொஃபைல்: பாதை பிரியும் இடம்

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்தில் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதைத் தனி உலாவியாகத் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். நீட்சி எதுவும் போடாமல், கணக்கில் நுழையாமல், தொல்லை கொடுத்த அதே பக்கங்களைத் திறந்து பாருங்கள். புதியது உருவான உடனே அதுவே இயல்புநிலைப் புரொஃபைலாக மாறியிருந்தால், சோதனை முடிந்ததும் பழையதை மீண்டும் இயல்புநிலையாக்குங்கள்.

புதியதில் வேகம் வந்துவிட்டால் கோளாறு உங்கள் பழைய புரொஃபைலில் இருக்கிறது. கீழே உள்ள 'அ' வழியில் செல்லுங்கள். புதியதிலும் மந்தமாகவே இருந்தால் 'ஆ' வழி.

### அ 1. நீட்சிகள்

உதவிப் பட்டியலில் உள்ள ட்ரபிள்ஷூட் மோடில் மறுதொடக்கம் செய்தால் நீட்சிகள் எல்லாம் தற்காலிகமாக அணையும். வேகம் திரும்பினால், நீட்சிகளில் பாதியை அணைத்துப் பாருங்கள். கோளாறு இருக்கும் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். பதினாறு நீட்சிகள் இருந்தாலும் நான்கு சுற்றில் குற்றவாளி அகப்படும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு விளம்பரத் தடுப்பான்களைச் சேர்த்துப் போட்டிருப்பது நான் அடிக்கடி காணும் காட்சி. ஒன்று போதும்.

ஓர் எச்சரிக்கை: ட்ரபிள்ஷூட் மோட், வரைகலை முடுக்கத்தையும் சேர்த்தே அணைத்துவிடும். பக்கம் திறக்கும் வேகத்தை அதில் அளக்கலாம். பக்கத்தை உருட்டும்போதோ காணொளியிலோ தடுமாற்றம் இருந்தால், அதை இந்த முறையில் வைத்து முடிவுசெய்யக் கூடாது.

### அ 2. நகலெடுத்த அமைப்புகள்

என் அனுபவத்தில் அதிகம் நேரம் தின்றது இதுதான். 'ஃபயர்ஃபாக்ஸை வேகமாக்கும் ரகசியங்கள்' என்ற வகைப் பட்டியல்களைப் பார்த்து, அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் இருபது முப்பது மதிப்புகளை மாற்றியிருப்பார்கள். அவற்றில் பல இப்போது உயிரோடே இல்லை. ஹெச்டிடிபி பைப்லைனிங் என்ற வசதி 2017இலேயே ஃபயர்ஃபாக்ஸிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதை இயக்கச் சொல்லும் குறிப்புகளோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் செயல்முறை ஒதுக்கும் ஃபிஷன் கட்டமைப்பு வந்தபிறகு, செயல்முறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் பழைய அறிவுரைக்கும் முன்பிருந்த பொருள் இல்லை.

உண்மையில் கெடுதல் செய்பவையும் உண்டு. வட்டுத் தற்காலிகச் சேமிப்பை அணைத்தவர், ஒவ்வொரு முறை உலாவியைத் திறக்கும்போதும் அதே படங்களை மறுபடி இறக்குகிறார். 'லேஅவுட்.ஃபிரேம்_ரேட்' மதிப்பைச் சுழியமாக்கியவரின் திரை, முடிந்தவரை வேகமாக ஓயாமல் வரைய முயன்று செயலியை வறுத்தெடுக்கிறது. 'பிரைவசி.ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரிண்டிங்' என்பதை இயக்கியிருந்தால், பக்கங்களுக்குக் கிடைக்கும் கடிகாரமே துல்லியம் குறைந்ததாகிவிடும். வேகச் சோதனைகள் தரும் எண்களை அதன்பிறகு நம்ப முடியாது. இது இயங்குவதைக் கண்டுகொள்ள எளிய வழி இருக்கிறது. இணைய அஞ்சலில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரியும், நீங்களாக நிறுவிய தமிழ் எழுத்துருக்கள் இணையப் பக்கங்களில் காணாமல் போகலாம். இது தனியுரிமைக்காக உருவான நல்ல வசதி. வேண்டியவர்கள் தெரிந்தே வைத்துக்கொள்ளலாம், வேகம் அளக்கும் புரொஃபைலில் மட்டும் வேண்டாம்.

அபவுட்:சப்போர்ட் பக்கத்தில், மாற்றப்பட்ட முக்கிய அமைப்புகளின் பட்டியல் இருக்கும். காரணம் தெரியாத ஒவ்வொன்றையும் இயல்புநிலைக்குத் திருப்புங்கள். திருப்பியது மறுதொடக்கத்துக்குப் பின் பழையபடி வந்து நிற்கிறதா? அப்படியானால் புரொஃபைல் கோப்புறைக்குள் 'யூசர்.ஜேஎஸ்' என்ற கோப்பு இருக்கிறது. உலாவி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதில் உள்ளவை மறுபடி திணிக்கப்படும். கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திய பிறகு திருப்புங்கள். இந்த ஒரு கோப்பைத் தேடாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் தொலைத்திருக்கிறேன்.

### ஆ 1. உலாவிக்குள் நுழையும் பிற மென்பொருள்கள்

விண்டோஸில் அபவுட்:தேர்ட்-பார்ட்டி என்ற பக்கம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸுக்குள் தங்களை ஏற்றிக்கொண்ட வெளி மென்பொருள்களை அது பட்டியலிடும். வைரஸ் தடுப்பு, திரைப்பதிவு, பழைய அச்சுப்பொறி மென்பொருள் போன்றவை அங்கே தென்படும். தேவையில்லாததைக் கணினியிலிருந்தே நீக்கிவிட்டுப் பாருங்கள்.

வைரஸ் தடுப்பு மென்பொருளை ஐயப்படுபவர்கள் அதை நிரந்தரமாக அணைக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உலாவுங்கள். பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் தடுப்பு மென்பொருளின் செயலிப் பயன்பாடு துள்ளுகிறதென்றால் திசை தெரிந்துவிட்டது. இது கற்பனையல்ல. ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது விண்டோஸ் டிஃபெண்டர் அளவுக்கு மீறிச் செயலியைத் தின்கிறது என்ற குறை, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் பிழைப்பதிவுத் தளமான பக்ஸில்லாவில் 2018இல் பதிவானது. பிழை டிஃபெண்டரின் பக்கம் இருப்பது அளவீடுகளால் தெளிவாகி, மைக்ரோசாஃப்ட் 2023இல் அதைத் திருத்தியது. ஐந்தாண்டு பிடித்தாலும், பொறுமையாக அளந்து எழுதியவர்களால்தான் அது நடந்தது.

### ஆ 2. அணுகல்தன்மைச் சேவை

அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் 'ஆக்ஸஸிபிலிட்டி' என்ற பகுதியைப் பாருங்கள். திரைவாசிப்பான் எதையும் பயன்படுத்தாத கணினியில் அது இயங்குவதாகக் காட்டினால், வேறு ஏதோ மென்பொருள் அதை எழுப்பிவிட்டிருக்கிறது. பெரிய பக்கங்களில் இதனால் தாமதம் வரக்கூடும். விண்டோஸில் அதை எழுப்பிய நிரலின் பெயரும் அங்கேயே இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும் கணினி என்றால் இதில் கைவைக்காதீர்கள்.

### ஆ 3. அலுவலகக் கணினி

அபவுட்:பாலிசீஸ் பக்கத்தில் ஏதேனும் பட்டியல் தெரிந்தால், நிறுவனத்தின் விதிகள் உலாவியைக் கட்டுப்படுத்துகின்றன. இங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். கணினிப் பிரிவினரிடம் சொல்லுங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் அலுவலகக் கணினியில் சோதனைப் பதிப்பை வைத்திருப்பதும் சரியல்ல.

### ஆ 4. பணம் கேட்கும் காரணங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் எல்லா உலாவிகளும் மந்தம் என்றால் வன்பொருளைப் பாருங்கள். சுழலும் வன்தட்டில் ஓடும் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்த உலாவியாலும் தர முடியாது. 4 ஜிபி நினைவகத்தில் பத்து டேப்களைத் திறந்தாலே மூச்சுத் திணறும். 8 ஜிபிக்கு உயர்த்த முடியுமா என்று விசாரியுங்கள், சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் நிரல் எச்சரிக்கை கொடுத்தாலோ, கணினி சூடேறித் தானாக அணைந்தாலோ, உடனே தரவை நகலெடுத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்து வெப்பப்பசையை மாற்றுவது அவருக்குப் பழகிய வேலை. நாமே திருகாணியைக் கழற்றினால் திரையின் கேபிளை அறுத்துவிடும் ஆபத்து உண்டு.

## அறிகுறி: ஸ்பீடோமீட்டர் எண் குறைவாக வருகிறது

முதலில் எப்படி அளந்தீர்கள் என்று பார்ப்போம். ஸ்பீடோமீட்டர் 3, ஆப்பிள், கூகுள், மொஸில்லா உள்ளிட்ட உலாவிப் பொறியாளர்கள் சேர்ந்து உருவாக்கி 2024 மார்ச்சில் வெளியான, உலாவியின் வேகத்தை அளக்கும் அளவுகோல். எண் கூடினால் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் ஒரே பில்ட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓடவிட்டாலே இரண்டு எண்கள் வரும். ஒருமுறை ஓடவிட்டு வந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நான் செய்வது இப்படி. இரண்டு பதிப்புகளுக்கும் புதிய புரொஃபைல், ஒரே சாளர அளவு, ஒரே மின்னிணைப்பு. மற்ற நிரல்களை மூடிவிட்டு, உலாவி திறந்து சில நிமிடம் அமைதியாக இருக்க விடுவேன். பின்னணியில் புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருந்தால் அது முடியட்டும். நைட்லி, நிலையானது, நைட்லி, நிலையானது என்று மாற்றி மாற்றி ஐந்து முறை ஓட்டி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்வேன். முதலில் ஒன்றை ஐந்து முறையும் பிறகு மற்றதை ஐந்து முறையும் ஓட்டினால், இரண்டாவதற்குச் சூடேறிய கணினிதான் கிடைக்கும்.

டெவலப்பர் கருவிகள் திறந்திருந்தாலோ புரொஃபைலர் பதிவு ஓடிக்கொண்டிருந்தாலோ எண் விழும். மூடிவிட்டு மறுபடி அளங்கள்.

மூலநிரலிலிருந்து தாமே தொகுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: டீபக் பில்ட்டை வைத்து வேகம் பேசவே வேண்டாம், அது பிழைதேட மட்டுமே. மொஸில்லா தரும் நைட்லி, உண்மையான பயன்பாட்டு ஓட்டத்தை அளந்து அதற்கேற்பக் கூர்மையாக்கிய தொகுப்பு. வீட்டில் சாதாரண அமைப்புகளோடு தொகுத்தது அதற்கு ஈடாக ஓடாது.

## அறிகுறி: உருட்டும்போது தடுக்குகிறது, காணொளி விட்டுவிட்டு ஓடுகிறது

அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் 'கிராஃபிக்ஸ்' பகுதிக்கு இறங்குங்கள். 'கம்போசிட்டிங்' என்ற வரியில் இருப்பதைப் படியுங்கள்.

### 'வெப்ரெண்டர் (சாஃப்ட்வேர்)' என்று இருந்தால்

வரைகலைச் சில்லைப் பயன்படுத்தாமல் செயலியே எல்லாவற்றையும் வரைகிறது. அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ ஒரு சிக்கலுக்காக அணைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். அணைக்கவில்லை என்றால், அதே பகுதியில் கீழே உள்ள முடிவுப்பதிவு எதனால் முடுக்கம் மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையது என்பதே பெரும்பாலும் விடை. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ சில்லுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ புதிய டிரைவரை நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

அபவுட்:கான்ஃபிக்கில் முடுக்கத்தை வலுக்கட்டாயமாக இயக்கும் மதிப்பு ஒன்று உண்டு. சோதனைக்காகச் சில நிமிடம் போட்டுப் பார்க்கலாம். சிக்கல் தரும் டிரைவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கும் தடைப்பட்டியலில் அந்த டிரைவர் இருந்தால், அதற்குக் காரணம் உண்டு. திரை சிதறலாம், உலாவி விழலாம். பார்த்தபின் திருப்பிவிடுங்கள்.

### 'வெப்ரெண்டர்' என்று மட்டும் இருந்தால்

முடுக்கம் இயங்குகிறது. காணொளி மட்டும் தடுக்கினால், அதே பக்கத்தின் ஊடகப் பகுதியில் எந்தக் காணொளி வகைகளை உங்கள் வன்பொருள் விரிக்கும் என்று பட்டியல் இருக்கும். ஏவி1 வகையை வன்பொருளில் விரிக்க முடியாத பழைய கணினி, உயர்தரக் காணொளியில் திணறுவது இயல்பு. தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் 121 (2023 டிசம்பர்) முதல் வேலண்ட் என்ற திரைமேலாண்மை முறை இயல்புநிலையானது. பழைய முறையான எக்ஸ்11 அமர்வு ஒன்றில் நுழைந்து ஒப்பிட்டால், கோளாறு உலாவியிலா திரைமேலாண்மையிலா என்று பிரிந்துவிடும்.

## அறிகுறி: நினைவகம் வீங்கிக்கொண்டே போகிறது

அபவுட்:ப்ராசஸஸ் பக்கத்தைத் திறந்து, நினைவகத்தின்படி வரிசைப்படுத்துங்கள். எந்தத் தளம், எந்த நீட்சி எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது வரிவரியாகத் தெரியும். ஒரு டேப் மட்டும் வளர்ந்துகொண்டே போனால் அதை மூடுங்கள். உடனே எண் இறங்கினால் அந்தத் தளத்தின் நிரல்தான் காரணம்.

டேப்பை மூடிய பிறகும் இறங்கவில்லையா? அபவுட்:மெமரி பக்கத்தில் நினைவகத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்துங்கள். இறங்கினால் அது கசிவல்ல, உலாவி சோம்பலாக வைத்திருந்த சேமிப்பு. இறங்கவில்லை என்றால் அளவிட்டுச் சேமிக்கும் பொத்தானால் ஓர் அறிக்கை எடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. இந்த இரண்டு கோப்புகளும் சேர்ந்தால்தான் பொறியாளர்களுக்குப் பயன். அவற்றில் நீங்கள் திறந்திருந்த முகவரிகள் இருக்கும் என்பதால், வங்கி, மருத்துவமனைப் பக்கங்களை மூடியபின் எடுங்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு தளம் மட்டும் மெதுவாக இருக்கிறது

அதே தளத்தைத் தனிப்பட்ட சாளரத்தில் திறங்கள். வேகமாக இருந்தால் அந்தத் தளத்தின் குக்கிகளையும் சேமிப்பையும் அழித்துவிட்டு மீண்டும் நுழையுங்கள். பிறகு முகவரிப் பட்டையில் உள்ள கேடயக் குறியைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் கண்காணிப்புத் தடுப்பை அணைத்துப் பாருங்கள். மற்ற உலாவிகளிலும் மெதுவாகவே இருந்தால் தளத்தின் சேவையகம் திணறுகிறது. அங்கே நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

## அறிகுறி: திடீரென்று மூடிக்கொள்கிறது

அபவுட்:கிராஷஸ் பக்கத்தைப் பாருங்கள். அனுப்பப்படாத அறிக்கைகள் இருந்தால் அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் திறந்தால் 'சிக்னேச்சர்' என்ற வரி இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே சிக்னேச்சர் என்றால் அது நிரல்பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அந்தப் பெயரைக் கொண்டே பக்ஸில்லாவில் தேடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது, நிலையான பதிப்பும் மற்ற நிரல்களும்கூட அவ்வப்போது விழுகின்றன என்றால் நினைவகச் சில்லை ஐயப்படுங்கள். மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி: நிலையான பதிப்புக்குத் திரும்பினால் திறக்க மறுக்கிறது

பழைய பதிப்பைத் திறந்திருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து, புதிய புரொஃபைல் உருவாக்கவா, வெளியேறவா என்று கேட்கும். தரவு அழிந்துவிட்டது என்று பதறி அழைப்பவர்கள் உண்டு. எதுவும் அழியவில்லை. புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு கெடுத்துவிடாமல் காக்கும் தடுப்பு அது. வெளியேறி, நிலையான பதிப்பை '-P' என்ற கட்டளையோடு தொடங்கினால் வரும் புரொஃபைல் மேலாளரில், அதற்குரிய பழைய புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். தடுப்பை மீறித் திறக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது, ஒரே புரொஃபைலை வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

## அறிகுறி: குறிப்பிட்ட நாளிலிருந்து மெதுவாகிவிட்டது

சோதனைப் பதிப்பை வைத்திருப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

### மாறியது உலாவிதானா?

ஒரு முறை இரண்டு மாலைப்பொழுது பழைய பில்ட்களை இறக்கி இறக்கிச் சோதித்தேன். எல்லாமே மெதுவாக இருந்தன. அதே வாரம் இயங்குதளம் தானாக வரைகலை டிரைவரைப் புதுப்பித்திருந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அன்று முதல், வேறெதையும் செய்வதற்கு முன் ஒரு மாதம் பழைய பில்ட் ஒன்றை மட்டும் சோதிக்கிறேன். அதுவும் மெதுவாக இருந்தால் மாறியது உலாவியல்ல. இயங்குதளப் புதுப்பிப்பு, டிரைவர், அல்லது அந்தத் தளமே மாறியிருக்கிறது.

ஒரே பில்ட் ஐடி உள்ள இரண்டு கணினிகள் வெவ்வேறாக நடந்துகொண்டால் அபவுட்:ஸ்டடீஸ் பக்கத்தைப் பாருங்கள். மொஸில்லா சில பயனர்களிடம் மட்டும் ஒரு வசதியை இயக்கிச் சோதிப்பதுண்டு. அமைப்புகளில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் லேப்ஸ் பகுதியில் நீங்களே எதையாவது இயக்கியிருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

### மோஸ்ரெக்ரெஷன் கொண்டு நாளைப் பிடித்தல்

பழைய பில்ட் வேகம், புதியது மந்தம் என்று உறுதியானால் மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவியை நிறுவுங்கள். பொத்தான்களோடு கூடிய வடிவமும் உண்டு, கட்டளை வரிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நன்றாக இருந்த நாள் ஒன்றையும் கெட்ட நாள் ஒன்றையும் கொடுத்தால், நடுவில் உள்ள நாளின் பில்ட்டை இறக்கித் திறந்துகாட்டும். நல்லதா, கெட்டதா என்று பதில் சொல்லுங்கள். இடைவெளி ஒவ்வொரு முறையும் பாதியாகும். 64 நாள் இடைவெளி என்றால் சுமார் ஆறு பதில்களில் ஒரு நாளுக்குள் வந்துவிடலாம். அதன்பிறகு அந்த நாளுக்குள் சேர்ந்த தனித்தனி மாற்றங்களின் பில்ட்களைச் சோதிக்கத் தொடங்கும்.

ஒரு பதில் தவறினாலும் தேடல் முழுவதும் தவறான பக்கம் போய்விடும். ஆகவே தொடங்குமுன் அளவுகோலைத் தாளில் எழுதுங்கள். "மெதுவாகத் தோன்றுகிறது" என்பது உதவாது. "இந்த நீளமான பக்கம் அடிவரை முழுமையாக வரைய மூன்று விநாடிக்குமேல் எடுத்தால் கெட்டது" என்பதுபோல் இருக்க வேண்டும். ஐயமாக இருந்தால் அதே பில்ட்டை மறுபடி திறக்கச் சொல்லலாம். திறக்கவே திறக்காத பில்ட்டைத் தாண்டிச் செல்லலாம், ஊகித்துப் பதில் சொல்லக் கூடாது.

கருவி ஒவ்வொரு முறையும் வெறும் புரொஃபைலில் திறக்கும். உங்கள் புரொஃபைலில் மட்டும் கோளாறு தெரிந்தால், அதன் நகலைக் கொடுக்கலாம். அசலைக் கொடுக்காதீர்கள், கருவியின் அமைப்பைப் பொறுத்துப் பழைய பில்ட்களும் புதிய பில்ட்களும் மாறிமாறி அதைத் தொடக்கூடும். ஒவ்வொரு பில்ட்டும் பெரிய கோப்பு என்பதால் கைபேசி டேட்டாவில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

### பதிவெடுத்தல்

ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலர், உலாவி எதில் நேரம் செலவிடுகிறது என்பதைப் பதியும் கருவி. அதன் தளத்தில் (profiler.firefox.com) புரொஃபைலர் பொத்தானை ஒருமுறை இயக்கிவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதியத் தொடங்கும். மெதுவாகும் செயலைச் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், 2 அழுத்தினால் பதிவு புதிய டேப்பில் திறக்கும். பத்து விநாடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், நீண்ட பதிவில் முக்கியமானது புதைந்துவிடும். நல்ல பில்ட்டில் ஒன்று, கெட்ட பில்ட்டில் ஒன்று எடுத்தால் சிறப்பு. பதிவேற்றுமுன் என்னென்ன விவரங்கள் சேர்கின்றன என்று காட்டும் கட்டங்களைப் படித்து, முகவரிகள் போக வேண்டாம் என்றால் குறியை எடுத்துவிடுங்கள்.

### பொறியாளர்களிடம் ஒப்படைத்தல்

இதற்குமேல் நம் கையில் இல்லை, பக்ஸில்லாவில் எழுத வேண்டும். முதலில் தேடுங்கள். அதே குறை ஏற்கெனவே இருந்தால் புதிதாகத் திறக்காமல் அங்கே உங்கள் விவரத்தைச் சேருங்கள். புதிதாக எழுதினால், இரண்டு பில்ட் ஐடிகள், மோஸ்ரெக்ரெஷன் கடைசியில் காட்டிய மாற்றங்களின் இணைப்பு, புரொஃபைலர் பதிவுகளின் இணைப்பு, அபவுட்:சப்போர்ட் பக்கத்தின் உரை, கோளாறை வரவழைக்கும் படிகள் ஆகியவற்றைச் சேருங்கள். "நைட்லி மெதுவாக இருக்கிறது" என்ற தலைப்பு யார் கண்ணிலும் நிற்காது. எந்தப் பக்கத்தில், எந்தச் செயலில், எத்தனை விநாடியிலிருந்து எத்தனை விநாடியானது என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், எண்கள் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

சில நாளில் 'நீட்இன்ஃபோ' என்ற குறியோடு யாராவது உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். இன்னொரு பில்ட்டைச் சோதிக்கச் சொல்வார்கள், அல்லது ஓர் அமைப்பை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். பதில் வராத குறைகள் அப்படியே தேங்கிக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் எழுதும்வரை சோதனைக்கென்று உருவாக்கிய புரொஃபைலையும், கெட்ட பில்ட்டின் எண்ணையும், அளவுகோல் எழுதிய தாளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.